ஒரே ஒரு பொட்டு விழுந்த அட்டை

மெல்பர்ன்,
6 ஜனவரி 2024

அன்புள்ள பர்வின்,

என் எண்ணை நீ தடை செய்து இரண்டு மாதம் ஆகிறது. முதலில் உன் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் வட்டம் வந்த பிறகுதான் புரிந்தது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். முத்துப்பேட்டை கடைத்தெரு, கலந்தர் ஃபேன்ஸி ஸ்டோர் என்று போட்டால் வந்து சேரும் என்று நம்புகிறேன். உன் அத்தா இதைக் கிழித்துப் போடாமல் உன்னிடம் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் நான் கிளம்பும்போது திருவாரூர் ஸ்டேஷன் வரை வந்து, வட்டிலப்பம் வைத்த டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். ‘டப்பா திரும்பி வரணும்’ என்றாய். டப்பா என் சமையலறையில் இருக்கிறது. அதற்கும் இந்த மௌனத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். நம் தொண்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து ஜெக்கரியா சார் எழுதியிருக்கிறார். கோரைமுனையில் நாம் செய்த வாய்க்கால் வேலையை இந்த ஆண்டின் முன்மாதிரித் திட்டமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வரும் ஜூனில் பக்கத்து ஊரான பனைத்திடலிலும் அதையே செய்யப் போகிறார்கள். எப்படித் திட்டமிட்டோம் என்பதை நான் படிப்படியாக எழுதித் தர வேண்டும். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: ‘அக்டோபரில் கடல் நீர் ஏறியதில் கோரைமுனையின் கடைக்கோடியில் சில வயல்களுக்குச் சேதம், இயற்கைச் சீற்றம்.’

அந்தச் சில வயல்கள் யாருடையவை? அம்சம் அக்காவின் நிலம் அந்தக் கோடியில்தானே இருக்கிறது?

‘வெளிநாட்டுத் தன்னார்வலர்’ என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் உங்கள் கடைக்கு வந்தபோது உன் அத்தா கேட்டது நினைவிருக்கிறது. “எந்த வெளிநாடும்மா, திருவையாறா?” பதினொரு வயது வரை நான் அங்கே வளர்ந்ததை என் பேச்சே காட்டிக் கொடுத்துவிட்டது. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. மற்ற தன்னார்வலர்களைப் போல நான் வெளியாள் இல்லை, என் ஆற்றின் இன்னொரு முனைக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பெருமையைத் தொட்டால் ஏதோ உறுத்துகிறது.

போன வருட மார்ச் மாதக் கூட்டத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பேர். ஊருக்கு என்ன வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நீ ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாய். ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர், பிடித்த அட்டையில் ஒட்டலாம், அதுதான் ஓட்டு. சென்னையிலிருந்து ஸ்டிக்கர் வரவில்லை என்றதும் நீ கடைக்கு ஓடிப்போய்ப் பொட்டுப் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாய். ஒரு பெரியவர் தன் மூன்று பொட்டையும் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, என் ஓட்டு எனக்கே என்று உட்கார்ந்திருந்தார். மழைத் தண்ணீர் வடிய வாய்க்காலைத் தூர்வாரும் அட்டையில் ஐம்பத்திரண்டு பொட்டு விழுந்தது. நான் செய்த வேலைகளிலேயே உண்மையாக மக்கள் முடிவெடுத்த வேலை இது என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

எழுது, பர்வின். கோபமாக எழுதினாலும் சரி.

மாளவிகா


முத்துப்பேட்டை,
2 பிப்ரவரி 2024

மாளவிகா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அத்தா கிழிக்கவில்லை. ஸ்டாம்பில் இருந்த பறவையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டீர்கள், சொல்கிறேன்.

சில வயல்கள் என்றால் ஆறு பேருடைய பத்தொன்பது மா நிலம். அதில் நாலு மா அம்சம் அக்கா குத்தகைக்கு உழுதது.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மழையும் வரவில்லை. மேலேயிருந்து தள்ளுவதற்கு நல்ல தண்ணீர் இல்லாததால் அமாவாசை அன்று கடல் தண்ணீர் அலையாத்திக் காட்டைத் தாண்டி வடிவாய்க்கால் வழியாக ஏறி வந்தது. நாம் பொக்லைன் வைத்து ஆழப்படுத்தி, பையன்கள் ரிப்பன் கட்டித் திறந்த அதே வாய்க்கால். முன்பெல்லாம் கடைக்கோடியில் இருந்த மண்மேட்டில் முட்டித் திரும்பிவிடுமாம். அந்த மேட்டைத்தான் முதலில் எடுத்தோம். மேடு இருந்த இடத்தில் இப்போது நம் பலகை நிற்கிறது. ‘இங்கே மண்ணோ குப்பையோ கொட்டாதீர்.’ அந்த வாசகம் நான் எழுதியது.

நாற்பது நாள் பயிர். மூன்றாம் நாள் நுனி கருகியது. பத்தாம் நாள் வயல் காய்ந்து வெள்ளையாகப் பூத்தது. நான் போனபோது அம்சம் அக்கா ஒரு கட்டி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, “வெயில்ல ஏன் வந்த, போ” என்றார்.

பொங்கல் கழிந்ததும் மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வயலைக் கெடுத்த உப்பை அங்கே வாரிக் குவிக்கிறார். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உங்களைத் தடை செய்தது கோபத்தில் இல்லை. அந்த வாரம் பூராவும் நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளில் ஒரே சிரிப்பு. ஊர் நினைவாகவே இருக்கிறது என்றீர்கள். வயலில் நின்றுகொண்டு அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

அம்சம் அக்கா நம்மிடம் சொன்னார். கூட்டத்திலேயே சொன்னார். ஒரே ஒரு பொட்டு விழுந்த அட்டை நினைவிருக்கிறதா?

பனைத்திடலிலும் அதே மாதிரி ஒரு மேடு இருக்கிறது. படிப்படியாக எழுதித் தருவது உங்கள் இஷ்டம்.

பர்வின்


மெல்பர்ன்,
25 பிப்ரவரி 2024

பர்வின்,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

அட்டைகள் என்னிடம்தான் இருக்கின்றன. நினைவுக்காக எடுத்து வந்தேன், ஒரு செருப்புப் பெட்டியில். பதினான்கு அட்டைகள். சில பொட்டுகள் உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடந்தன. அம்சம் அக்காவின் அட்டையைக் கண்டுபிடித்தேன். உன் கையெழுத்தில் ‘மண்மேடு – யோசிக்க வேண்டும்’ என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. ஓரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு.

என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய். அதற்காகவும்தான் சொல்கிறேன். அந்த மூன்று சொல்லிலிருந்து நான் என்ன புரிந்துகொண்டிருக்க முடியும்? மேட்டை எடுக்க வேண்டும் என்று சொல்வதாகக்கூட அதைப் படிக்கலாம். தவிர, அவரே தன் மூன்று பொட்டில் ஒன்றைத்தானே அதற்கு ஒட்டியிருக்கிறார்? அவருக்கே அது பெரிதாகப் படவில்லை என்று நான் நினைத்ததில் என்ன தவறு? நீ எழுதியது இவ்வளவுதான், பர்வின்.

இப்படி எழுதியதற்காக நாளைக்கு வருந்துவேன் என்று தெரிகிறது. ஆனாலும் அந்த வரிகளை அடிக்கவில்லை.

எங்கள் அப்பாவைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? சந்தானகிருஷ்ணன் என்ற பெயரை இங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை; சாண்டி என்பார்கள். திருவையாற்றில் இருந்த நிலத்தை விற்று இருபது வருடம் ஆகப் போகிறது. இன்னும் சாப்பிட உட்கார்ந்தால் வைகாசியில் வாய்க்கால் வெட்டிய கதைதான். அடைத்துக் கிடக்கும் மண்ணை எடுத்தால் தண்ணீர் வரும், எடுக்காதவன் சோம்பேறி. அவருக்குத் தெரிந்த ஊரில் தண்ணீர் மேலேயிருந்து கீழே மட்டும்தான் வரும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். வாய்க்காலில் மண் கிடந்தால் அது தூர்; வாரினால் நல்லது. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வேறு நாட்டில் பிறந்த ஒருத்தி வந்திருந்தால், ஒன்றும் தெரியாததால் கேட்டிருப்பாள். உங்கள் ஊரில் தண்ணீர் கீழேயிருந்தும் வரும் என்பதை நான் கேட்கவே இல்லை.

அம்சம் அக்கா அன்று சரியாக என்ன சொன்னார்? அதைத் தெரிந்துகொண்டு ஜெக்கரியா சாருக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்.

மாளவிகா


முத்துப்பேட்டை,
20 மார்ச் 2024

மாளவிகா அக்காவுக்கு,

‘தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருக்கிறேன்.’ இந்த ஒரு வரியை மட்டும் நான்கு தடவை படித்தேன். ஜூன் மாதம் பொக்லைன் வரும். அது உங்கள் குறிப்பேட்டுக்காகக் காத்திருக்காது.

மூன்று சொல் என்கிறீர்கள். ஓர் அட்டையில் ஐந்து சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்பது யாருடைய விதி? தூரத்திலிருந்து படிக்க வேண்டும், தடித்த பேனா, பெரிய எழுத்து, ஐந்து சொல் என்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தீர்கள். அம்சம் அக்கா எழுந்து நின்று கால் மணி நேரம் பேசினார். உளுந்து பறிக்கிற நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டோம். கடைக்கோடிப் பெண்கள் அத்தனை பேரும் வயலில் இருந்தார்கள். இவர் ரேஷனுக்கு வந்தவர், நாற்காலி போட்டிருக்கிறதே என்று உள்ளே வந்தார். அவர் பேசப் பேசப் பின்னால் பையன்கள், “யக்கா, சுருக்கமா” என்றார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் கடைக்காரர் மகள், வயலில் இறங்கினதில்லை. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவில்லை. ஐந்து சொல்லுக்குள் சுருக்கினேன். நீங்கள் தூரத்தில் நின்று கட்டை விரலைக் காட்டினீர்கள்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் பொட்டைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

அந்தப் பொட்டு அம்சம் அக்காவுடையது இல்லை. அவர் மூன்றையும் பஸ் ஸ்டாப்புக்கு நிழல்கூரை கேட்ட அட்டையில் ஒட்டினார், மகள் வெயிலில் நிற்கிறாள் என்று. உங்கள் மேட்டு அட்டைக்கு ஒட்டலையா என்று கேட்டேன். “அதான் வாயால சொல்லிட்டேன்ல. சொன்னதுக்கு அப்பறம் பொட்டு எதுக்கு?” என்றார். சொன்னால் போதும், கேட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தார்.

அந்த ஒரு பொட்டு என்னுடையது. நடத்துகிறவர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்பதும் விதிதான். சுவரில் அது மட்டும் வெறுமையாக நின்றது, பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போனபோது ஒட்டினேன். அதாவது, அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டிருக்கிறது. பட்டதை ஒரு பொட்டாக ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரம்தான் என்னை ஒருங்கிணைப்பாளராகப் போடச் சொல்லி நீங்கள் சென்னைக்கு எழுதினீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் வாடும்படி ஒன்றைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அத்தாவிடம்கூட.

பர்வின்


மெல்பர்ன்,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள பர்வின்,

உன் கடிதம் வந்த அன்றே ஜெக்கரியா சாருக்கு எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பதில் மறுநாளே வந்தது. என் உணர்வுகளை மதிக்கிறாராம். ஆனால் ஊர் மக்கள் ஐம்பத்திரண்டு வாக்கு அளித்துத் தேர்ந்தெடுத்த திட்டத்தை ஒரு தன்னார்வலரின் குற்ற உணர்ச்சியை வைத்து மதிப்பிட முடியாதாம். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டவள் நான்தான். படிப்படியான திட்டத்தை எழுதித் தர மறுத்துவிட்டேன். அதனால் எதுவும் நிற்காது. வேறு யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ சொன்னதற்குப் பிறகு நான் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. போன கடிதத்தில் அட்டையில் மூன்று சொல்தான் இருந்தது என்று எழுதினேன். அட்டையை விடு. அம்சம் அக்கா என்னிடம் நேரில் வந்தார்.

கூட்டம் முடிந்து நீ கதவைப் பூட்டச் சாவி வாங்கப் போயிருந்தாய். நான் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றேன். அவர் ரேஷன் பையோடு வந்து பக்கத்தில் நின்றார். “அந்த மேட்டப் பத்திச் சொன்னேனே, எழுதிக்கிட்டீங்களாம்மா?” என்று கேட்டார். எழுதியாச்சு அக்கா என்றேன். “அத எடுத்துட்டா எங்க பக்கம்…” என்று ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டே, “ஓட்டு முடிஞ்சிடுச்சேக்கா, எல்லாரும் சேந்துதானே முடிவு பண்ணினோம்” என்றேன். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

இதை ஒரு வருடமாக நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் நம்புவாயா? நானே நம்பவில்லை. ஓர் அறையில் இருக்கும் பொருளைப் பார்க்காமல் அந்த அறையில் வாழ முடியும். நான் வாழ்ந்திருக்கிறேன்.

இத்துடன் அந்த அட்டையை அனுப்புகிறேன். அது என்னிடம் இருக்க வேண்டியதில்லை. அம்சம் அக்காவைப் பார்த்தால் என் சார்பில் மன்னிப்புக் கேள். வேண்டாம், இந்தக் கடிதத்தை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டு. ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பனைத்திடலுக்கு வந்து நானே பேசுகிறேன். வரட்டுமா?

மாளவிகா


முத்துப்பேட்டை,
9 மே 2024

அக்காவுக்கு,

வர வேண்டாம்.

வந்தால் அழுவீர்கள். உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் எங்கள் தலையில் விழும். பனைத்திடலில் உங்களைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும், மேட்டைப் பற்றிக் கேட்க இல்லை.

ஜூன் 3ஆம் தேதி பொக்லைன் வருகிறது. அதற்கு முந்தைய நாள் ஊர்க் கூட்டம். அட்டைகளும் ஸ்டிக்கர்களும் இந்தத் தடவை சென்னையிலிருந்து ஒழுங்காக வந்துவிட்டன. நான்தான் நடத்த வேண்டும். ஜெக்கரியா சார் போன் பண்ணினார். என் வேலையை நீட்டிப்பது ஜூன் கடைசியில் முடிவாகும் என்று தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு கோடியக்கரைக்குப் போகிறேன். அட்டையை எடுத்துப் போகிறேன், உங்கள் கடிதத்தையும். அம்சம் அக்கா பேசுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டப்பாவை அம்மா கேட்கிறார். தபாலில் அனுப்புங்கள்.

பர்வின்


மெல்பர்ன்,
27 மே 2024

பர்வின்,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். டப்பாவை இன்று அனுப்பினேன். காலியாக அனுப்ப மனமில்லாமல் உள்ளே எதை வைப்பது என்று யோசித்து, கடைசியில் காலியாகவே அனுப்பினேன்.

அவரைப் பார்த்தாயா?

மாளவிகா


முத்துப்பேட்டை,
30 ஜூன் 2024

அக்கா,

பார்த்தேன். பெரிய கடிதம் இது, உட்கார்ந்து படியுங்கள்.

மே மாத வெயிலில் உப்பளத்தில் எங்கே பார்த்தாலும் கண் கூசுகிறது. அம்சம் அக்கா தலையில் துணி சுற்றிக்கொண்டு உப்புக் குவியலுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தார். காலில் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. நான் பேச ஆரம்பிக்கும் முன்னே அவரே சொன்னார், குத்தகை போய்விட்டது. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். உப்பு ஏறின நிலத்தில் இனி நெல் எதற்கு என்று ஏப்ரலிலேயே இறால் பண்ணைக்கு விட்டுவிட்டார். வயலைக் குட்டையாக வெட்டி, அதே வாய்க்காலிலிருந்து கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். ஒரு மழைக்காலம் கழுவினால் நிலம் திரும்பிவிடும் என்று இருந்தாராம். இனிமேல் திரும்பாது.

அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பொட்டை மட்டும் நகத்தால் தடவினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்தேன்.

“நான் இதையா சொன்னேன்?”

கோபமாகக் கேட்கவில்லை. மறந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி கேட்டார். எனக்கு அந்த உப்பிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. இல்லக்கா, நீங்க சொன்னது வேற, நான்தான் சுருக்கிட்டேன் என்றேன். பனைத்திடலைப் பற்றிச் சொன்னேன். வந்து ஒரு தடவை பேசுங்கள் என்று கேட்டேன். அவர் ஓலை மூடப் போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பூரா வழியும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 2ஆம் தேதி கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தேன், பெண்கள் வேலையிலிருந்து வந்த பிறகு. அட்டைக் கட்டைப் பிரிக்கவில்லை. ஆறேகால் பஸ்ஸில் அம்சம் அக்கா இறங்கினார். தலை சீவி, சேலை மாற்றி வந்திருந்தார். அவர் பேசியதை அன்று யாரும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினேன், மறுநாள் அவரிடமே படித்துக் காட்டித் திருத்தினேன். மேட்டைப் பற்றிப் போன வருடம் சொன்னதும் இதேதானாம், கடைசியில் வருவது மட்டும் இப்போது சேர்த்தது. எதையும் சுருக்கவில்லை:

“எங்க ஊரு மேடு தானா வந்து குந்துன மண்ணு இல்ல. எங்க மாமியா பொண்ணா வந்த காலத்துல பனமரத்த வெட்டிப் போட்டு, சவுக்குக் கம்பு நட்டு எழுப்புனது. வருஷா வருஷம் புரட்டாசில நாங்க ஆறு பொம்பளைங்க நாலு நாள் கூலிக்குப் போவாம மேல மண்ணு சொமந்து போடுவோம். ஆத்துல தண்ணி வந்தா கடல் தண்ணி ஏறாது, அது தள்ளிரும். ஆத்துல தண்ணி நின்ன வருஷந்தான் ஏறும், அது எந்த வருஷம்னு யாருக்குத் தெரியும்? மழ கூடுனா மேட்டுல ஒரு ஓரத்த வெட்டி விடுவோம், வடிஞ்சதும் மூடிருவோம். எங்க ஊர்ல அன்னைக்கே சொன்னேன், மேலத்தெருவுல தண்ணி நிக்கிதா, எங்ககிட்ட சொல்லுங்க, ஒரு நா முன்னாடியே வெட்டி விடுறோம்னு. மேட்ட எடுக்காதீங்க. மிசினு வச்சி எடுத்தா கூடையால திரும்பக் கட்ட முடியாது. நாங்க கட்டிப் பாத்தோம், நாலு நாள் போட்ட மண்ணும் கரஞ்சி போச்சு. இதுக்கு யாரும் பேரு வைக்கல, பலக வைக்கல. அதனால உங்களுக்கு அது தூரா தெரிஞ்சிருக்கு. நான் எனக்காகச் சொல்ல வரல. எனக்கு இப்ப அங்க ஒரு குழி நெலமும் இல்ல.”

எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை, அக்கா. இதைத்தான் ஓர் அட்டைக்குள் திணித்தேன்.

பனைத்திடலில் பொக்லைன் இறங்கவில்லை. ஊர்ப் பெண்கள் காலையிலேயே மேட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள்; டிரைவர் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நிறுவனம் அந்த ஊரில் கணினி வகுப்பு ஆரம்பிக்கப் போகிறது. என் வேலையை நீட்டிக்கவில்லை. நேற்றோடு முடிந்தது. கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அத்தா, பொட்டுப் பாக்கெட் கேட்டு வந்த பெண்ணிடம், “மூணுக்கு மேல வேணுமாம்மா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். கூட்டத்தைப் பற்றி அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

கோரைமுனைக்கு எதுவும் திரும்பவில்லை. மற்ற ஐந்து பேரும் இந்தப் புரட்டாசியில் மேட்டை மறுபடி எழுப்பிப் பார்க்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் பலகையைப் பிடுங்கி நான்தான் எடுத்து வந்தேன். கடை மாடியில் கிடக்கிறது.

டப்பா வந்து சேர்ந்தது.

அவர் பேச்சைத் திருத்திய அன்றே உங்கள் கடிதத்தையும் அம்சம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே காட்டச் சொன்னீர்கள், அப்படியே காட்டினேன். மன்னிப்புக் கேட்ட இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் ஒன்று சொன்னார். அதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு தடவை சுருக்கியது போதும்.

“பஸ்ஸு அப்ப வரல பர்வினு. நான் அரிசிப் பையத் தூக்கிக்கிட்டு வளைவு வரைக்கும் நடந்துட்டேன், அதுக்கு அப்பறந்தான் என்னத் தாண்டிப் போச்சு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன், கூப்புடுமோன்னு. அந்தப் பொண்ணு செல்போனப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

பர்வின்